"நல்லாப் பார்த்தவையோ?"

எங்கட வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஆளிடம் முதல் கேட்கிற கேள்வி இதுதான். வருகிற மறுமொழிகளைக் கவனித்துப் பாருங்கள். "குழாய் வைச்சுப் பார்த்தவர்", "இருக்கச் சொல்லிக் கதைச்சவர்", "முகத்தையே நிமிர்ந்து பார்க்கேல்லை." வைத்தியம் சரியா பிழையா என்று யாரும் சொல்வதில்லை. அதை அளக்கிற படிப்பு நோயாளியிடம் இல்லை. தன்னை எப்படி நடத்தினார்கள் என்று அளக்க ஒரு படிப்பும் தேவையில்லை.

மருத்துவத்தின் தரத்தைப் பற்றி எழுதிய அவேடிஸ் டொனபீடியன் 1966 இல் அதை மூன்றாகப் பிரித்தார்: கட்டமைப்பு, செயன்முறை, விளைவு. நாங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கதைக்கிறோம். கட்டில் காணாது, மருந்து இல்லை, டொக்டர் வெளிநாடு போயிட்டார். 2022 நெருக்கடிக்குப் பிறகு இதெல்லாம் உண்மையும்தான். ஆனால் நோயாளியின் மனதில் நிற்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எங்கட அம்மம்மாவுக்குப் பிரசர். விடியவே போய் நம்பர் எடுத்து, மத்தியானம் மட்டும் வாங்கில் இருந்தால், டொக்டரோடு இரண்டு நிமிசம். காத்திருப்பது அவவுக்குக் குறையே இல்லை. "அவ்வளவு சனத்துக்கு அவை என்ன செய்யிறது" என்பா. ஒருமுறை கிளினிக் கொப்பியில் குளிசையை மாற்றி எழுதியிருந்தார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. டொக்டருக்குத் தமிழ் வராது, அம்மம்மாவுக்குச் சிங்களம் வராது. புதுக் குளிசை தலையைச் சுத்துது என்று இரண்டாம் நாளே அதை நிப்பாட்டிப்போட்டா. அடுத்த கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி, "முதல் கொஞ்ச நாள் அப்பிடித்தான் இருக்கும் அம்மா, எழும்பேக்க மெதுவா எழும்புங்கோ" என்று சொன்னா. அரை நிமிசக் கதை. அதுக்குப் பிறகு குளிசை தவறினதே இல்லை.

ஆகவே திருப்தி என்பது சொகுசு இல்லை. விளங்கப்படுத்தாத மருந்து அலுமாரியில்தான் கிடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இலங்கையில் அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. பெரிய விசயம், அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் "சும்மா தாறதுக்குக் குறை சொல்லலாமோ?" என்கிற கூச்சமும் அதோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. சும்மா ஒன்றும் வரவில்லை. கடையில் ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் வரி கட்டுகிறோம். அம்மம்மாவிடம் யாராவது படிவத்தோடு வந்து கேட்டால் "நல்ல திருப்தி" என்றுதான் சொல்லுவா. குளிசை அலுமாரியில் கிடந்த நாளிலும் அதைத்தான் சொல்லியிருப்பா.

அதனால் வீட்டில் இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: "ஏன் இந்த மருந்து எண்டு சொன்னவையோ?"