பாவா ஆதம் மலைக்கு ஒக்டோபரில்

பாவா ஆதம் மலைக்குப் போவதென்று நாங்கள் நான்கு பேர் தீர்மானித்தோம். ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். இருவர் மன்னாரில் படிப்பிக்கிறோம், ஒருவர் புத்தளத்தில், மற்றவர் அக்குறணையில். போவதில் எல்லோருக்கும் சம்மதம். ஒக்டோபரில் என்று நான் சொன்னதும்தான் பிரச்சினை வந்தது.

மலைக்குரிய பருவம் டிசெம்பர் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும். பிறகு பாதையில் விளக்கு எரியாது. தேநீர்க் கடைகளும் மூடிவிடும். “மச்சான், உனக்கென்ன விசரா?” என்றார் புத்தளத்து நண்பர். அக்குறணைக்காரருக்கு வேறு கவலை. பாதச் சுவடு பார்க்கப் போவது சியாரத்தா, சுற்றுலாவா? தேகப்பயிற்சி என்று நானே ஒரு ஃபத்வா கொடுத்து அவரைச் சமாளித்தேன்.

இப்னு பதூதாவும் பருவம் பார்த்து ஏறவில்லை. 1344 ஆகஸ்ட் கடைசியில் மாலைதீவை விட்டுப் புறப்பட்டவர் நமது மேற்குக் கரையில் வந்து ஒதுங்கினார். அவர் பத்தாலா என்று குறித்த ஊரைப் புத்தளம் என்கிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தி ஆள் அம்பு கொடுத்து அனுப்பிவைத்தான். மலையைக் கடலிலிருந்தே கண்டதாகவும், ஏறும்போது முகில்கள் காலுக்குக் கீழே கிடந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். அட்டைக் கடிக்கு எலுமிச்சம் பழம் வைத்திருந்தார்களாம். பாறையில் தொங்கிய சங்கிலிகளில் கடைசிச் சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவன் தன்னையறியாமல் கலிமாச் சொல்லிவிடுவான். பாதை இரண்டு: கடினமானது பாவா வழி, இலேசானது மாமா வழி. மாமா என்பது ஹவ்வா உம்மா. (வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளை அடக்க நான் பட்ட பாடு!)

ஆனால் நான் ஒக்டோபரில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இப்னு பதூதா அல்ல, வாப்பா.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நாங்கள் தீவிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்குப் போனோம். எனக்குப் பத்து வயது. கச்சான் ஓய்ந்து, வாடை இன்னும் பிடிக்காத நாட்கள். மழை எந்தப் பக்கத்தால் வரும் என்று கடலில் பழகியவர்களுக்கே பிடிபடாத காலம் அது. இரவு முழுவதும் நனைந்தோம். உம்மா தங்கச்சியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தார். விடியும்போது மழை விட்டது. கரை தெரியத் தொடங்கியதும் வாப்பா தென்கிழக்கே கையை நீட்டி, “அந்தா பாருங்க, பாவா ஆதம் மலை” என்றார். நீலமாக ஒரு கூர் எனக்குத் தெரிந்தது. “அது முகில் வாப்பா” என்றார் நானா. வாப்பா ஒன்றும் பேசவில்லை.

வாப்பா புத்தளத்திலேயே மௌத்தானார். யுத்தம் முடிந்த பிறகுதான் நாங்கள் ஊர் திரும்பினோம். கணிதம் படிப்பிப்பவன் என்பதால் ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையின் உயரம் 2,243 மீற்றர். அந்த உயரம் கடல்மட்டத்தில் இருப்பவனுக்குச் சுமார் 170 கிலோமீற்றர் வரை தெரியலாம். காற்றில் ஒளி வளைவதையும் சேர்த்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் கூடும். கல்பிட்டிக்கும் மலைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 175. கணக்கு வாப்பாவையும் பொய்யாக்கவில்லை, நானாவையும் பொய்யாக்கவில்லை. உச்சியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தாவது தீர்க்கலாமா என்பதுதான் என் எண்ணம். அதுவும் மழை கழுவிவிட்ட ஒரு ஒக்டோபர் விடியலில்.

இதை நண்பர்களிடம் சொன்னேன். பிறகு அவர்கள் மாதத்தைப் பற்றிப் பேசவில்லை.

திட்டம் இதுதான். வார இறுதியோடு இரண்டு நாள் லீவு. ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய்த் தங்குவது. ஒக்டோபரில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் வரும் என்பதால் இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கி, உச்சியில் சுபஹு தொழுது, நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு டோர்ச். மன்னாரில் 30 பாகை என்றால் அங்கே 15 பாகைதான், காற்று வேறு. முதல் நாள் சரிவராவிட்டால் மறுநாள். நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பயணமே இல்லை. இதில் மட்டும் விவாதம் கிடையாது. மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்ததையும், அதே நாட்களில் மன்னாரை வெள்ளம் மூடியதையும் பார்த்தவர்கள் நாங்கள்.

உம்மாவிடம் கணக்கையும் சொல்லவில்லை, காரணத்தையும் சொல்லவில்லை. “மலைக்குப் போறதெண்டா மார்கழிக்குப் பிறகு போங்களன் மகன். ஐப்பசி எங்கட ஆக்களுக்கு ஒத்துவராது” என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுப் பின்னேரம் ஒரு பொட்டலம் உப்பைக் கட்டிக் கொண்டுவந்து தந்தார்.

“அட்டைக்கு. மழை கண்டா ஏறாம திரும்பிடணும்.”

“சரி உம்மா.”

வாசல்வரை போனவர் நின்றார். “வாப்பா அண்டைக்குக் காட்டினது மலைதான். நானும் கண்டனான்.”

அன்று உம்மா தலை நிமிர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உப்பைப் பையில் வைத்தேன்.