பாங்குப் புத்தகம்

பெரிய கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிப்பது நமக்கு நெடுநாட் பழக்கம். கதைப் புத்தகம் போல இவற்றைப் படிக்கிறீர்களே என்று வீட்டார் நகைப்பதுண்டு. அவற்றுள்ளும் பணிப்பாளர் சபையின் படங்கள் அச்சாகியுள்ள பக்கமே நம் கண்ணை முதலில் ஈர்ப்பது. பட்டங்களும் பதவிகளும் அங்கே வரிசையாய் நிற்கும். அப்பக்கத்தைக் கண்டே நம்பிக்கை கொண்டு பங்கு வாங்குவோர் பலர் உளர்.

ஐதராபாத்திலிருந்த சத்யம் என்னும் மென்பொருட் கம்பனியின் சபையும் அத்தகையதே. ஹாவார்ட் பேராசிரியர் ஒருவர், கணினிச் சில்லு வகுத்துப் புகழ்பெற்ற பொறியியலாளர் ஒருவர், வணிகக் கல்லூரித் தலைவர் ஒருவர் எனக் கற்றோர் பலர் அதில் அமர்ந்திருந்தனர். நல்ல நிருவாகத்துக்கென 2008ஆம் ஆண்டில் அக்கம்பனி பரிசும் பெற்றது.

அவ்வாண்டு திசம்பர் 16இல் சபை கூடிற்று. தலைவர் இராமலிங்க ராஜுவின் மைந்தர்கள் நடத்திய இரு கம்பனிகளை ஏறத்தாழ 160 கோடி டொலருக்கு வாங்குவதா என்பதே ஆய்வுக்கு வந்த பொருள். அவற்றின் பெயர் மைட்டாஸ். சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துக்களைப் பின்னிருந்து கூட்டினால் அப்பெயர் வரும்! மென்பொருள் செய்வார்க்குக் கட்டிடமும் காணியும் எதற்கு? சபையில் ஐயங்கள் சில எழுந்தன. ஆயினும் முடிவு ஏகமனதாயிற்று. பங்குதாரர் கொதித்தெழவே, ஒரு நாள் கழியுமுன் அம்முடிவு கைவிடப்பட்டது. சபை தடுக்க வேண்டியதை வெளியே இருந்தவர்கள் தடுத்தனர்.

2009 சனவரி 7இல் ராஜு உண்மையைக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஏட்டில் இருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி வெறும் எழுத்தே. அந்தப் பள்ளத்தை மூடவே மைட்டாஸ் கொள்வனவு திட்டமிடப்பட்டதாம். புலிமேல் ஏறி இறங்க வகையறியாதிருந்ததாகவும் அவர் எழுதினார். ஏறியவர் அவர், புலிக்கு முன்னே நின்றவரோ ஏறத்தாழ 50,000 ஊழியரும் அவர்தம் குடும்பத்தாரும்.

நமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டுக் கூட்டங்களுக்கு முதியவர் ஒருவர் தவறாது வருவார். தனாதிகாரி கணக்கு வாசித்து முடிந்ததும் எழுந்து, "தம்பி, பாங்குப் புத்தகத்தை ஒருக்கால் காட்டும்" என்பார். சபையோர் முகஞ் சுளிப்பர். தனாதிகாரி அவருடைய சொந்த மருமகனேயானாலும் கிழவர் விடார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, இறுதிப் பக்கத்தைப் பார்த்த பின்னரே அமர்வார். சத்யத்தில் வங்கிகளின் பேரால் போலிக் கடிதங்கள் இருந்தன. கணக்காய்வாளரும் ஏமாந்தனர் என்பர். இருக்கலாம். ஆனால் வங்கிக்கு நேரே ஆளனுப்பிக் கேட்டிருந்தால் அப்புரட்டு எத்தனை நாள் நின்றிருக்கும்?

சில நாட்களிலேயே இந்திய அரசு பழைய சபையைக் கலைத்தது. தீபக் பாரேக், கிரண் கார்னிக் முதலியோரைக் கொண்ட புதிய சபையில் தமிழ்நாட்டுக் கணக்காளர் டி. என். மனோகரனும் இடம்பெற்றார். ஊழியர் சம்பளத்துக்குப் பணம் தேடுவதே அவர்களது முதற் கவலையாயிற்று. வங்கிக் கடன் பெற்றனர், வாடிக்கையாளரைத் தேற்றினர், ஏப்பிரலில் ஏலமுறையில் டெக் மகேந்திராவிடம் கம்பனியை ஒப்படைத்தனர். நான்கு மாதமும் ஆகவில்லை.

2015இல் ஐதராபாத் நீதிமன்றம் ராஜு உட்படப் பதின்மருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பதின்மருள், ஆண்டறிக்கையின் படங்களை அழகு செய்த வெளிப் பணிப்பாளர் ஒருவரும் இலர்.