படகுக்கு ஒரு போர்வை



முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் தையல் வேலை செய்து பிழைப்பவள் நான். பள்ளிச் சீருடையும் சட்டையும் தைத்த கைக்குச் சென்ற மாரிக்கு முன் புதிய வேலையொன்று வந்தது. என் மச்சாள் தனது படகுக்கு மூடு தைத்துத் தரும்படி கேட்டாள். கணவரை இழந்த அவளுக்கு அந்த 19 அடி பைபர் படகுதான் சொத்து. அதில் தொழிலுக்குப் போகிறவர்கள் தரும் பங்கில்தான் மூன்று பிள்ளைகளும் படிக்கிறார்கள். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகு வாரக்கணக்கில் கரையில் கிடக்கும்.

"வீட்டில நிவாரணத் தறப்பாள் ஒன்று கிடக்குது மச்சாள். அதையே போட்டால் என்ன?" என்றாள்.

தறப்பாளின் குணத்தை எங்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 இல் செட்டிகுளம் முகாமில் அதன் கீழேதான் வாழ்ந்தோம். மத்தியானத்தில் உள்ளே அவியும். விடியற்புறம் உட்பக்கத்தில் நீர்த்துளி கோத்து நிற்கும். வெயிலில் நாள்பட்டால் ஓரம் நார்நாராகக் கிழியும். எங்களை அவித்தது படகை மட்டும் விட்டுவிடுமா? உள்ளே தங்கும் ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும், பலகை உக்கும்.

நாங்கள் இருவரும் கடைக்குப் போய்த் துணிகளைத் தொட்டுப் பார்த்தோம். பருத்திப் படங்கு காற்றை விடும். நனைந்தால் நூல் ஊதி நீரைத் தடுக்கும். ஆனால் பாரம் கூடும். மாரியில் காயாமல் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து உக்கும். லொறிகளுக்குப் போடும் பிளாஸ்டிக் பூசிய பொலியெஸ்டர் படங்கு மழைக்கும் வெயிலுக்கும் பல வருடம் நிற்கும். விலை அதிகம், காற்றும் போகாது. காற்றுக்கு நாங்களே வழி வைக்கலாம் என்று அதையே எடுத்தோம்.

தைக்கும்போது கவனித்தவை இவை. பருத்தி நூல் உக்கிவிடும், நைலோன் நூல் வெயிலில் பலமிழக்கும். பொலியெஸ்டர் நூலே நல்லது. ஊசி தடிப்பானதாக இருக்கவேண்டும். நெருக்கித் தைத்தால் ஓட்டைகளின் வழியே முத்திரை கிழிவதுபோலக் கிழியும். தையல் நீளமாக விழவேண்டும். துணி மெசினில் ஒட்டினால் அடியில் மெல்லிய கடதாசி வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்கலாம். கிடுகு வேய்வதுபோல மேல்துண்டு கீழ்த்துண்டை மூடவேண்டும். கயிற்றுக் கண்களுக்குப் பித்தளை வளையம் போடவேண்டும், இரும்பு துருவேறும்.

படகின் நடுவே முகடுபோல ஒரு தடியை நீளப்பாட்டுக்குக் கட்டி, அதன்மேல் மூடினோம். மழைநீர் தேங்காமல் இருபுறமும் வழிந்தது. முன்னும் பின்னும் ஒரு சாண் திறந்துவிட்டதால் காற்று ஊடாடியது.

மாரி முடிந்து மூடியை எடுத்தபோது உள்ளே ஈரவாடை இல்லை. மச்சாள் தையற்கூலியை எண்ணி என் கையில் வைத்தாள். "சொந்தத்துக்குள்ளே காசா?" என்றேன். "படகு உழைக்குது, மெசினும் உழைக்கட்டும்" என்றாள். இப்போது மேலும் இருவர் அளவு தந்திருக்கிறார்கள். தையல் மெசின் வைத்திருக்கும் கரையோரச் சகோதரிகளே, இந்த வேலை உங்கள் ஊரிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.