சோக்கில் எழுதியிருக்கும் ஆம்பியர்

குறிஞ்சிப்பிட்டியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும் விளையும் எங்கள் மணல் தோட்டங்களில் நடுப்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, கதவடைத்த குளிரறைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் பயிர் வளர்க்கிறேன் என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் நம்புவதில்லை. நான் வளர்ப்பது கீட்டோசெரோஸ் என்னும் நுண்பாசி. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் பெருகிய பிறகு பிளாஸ்க்குக்குள் தேநீர் நிறமாகத் தெரியும். இறால் குஞ்சுப் பொரிப்பகம் ஒவ்வொன்றிலும் பாசி அறை என்று ஒன்று இருக்கும். என் பிழைப்பு அதற்குள்தான்.

முட்டையிலிருந்து வெளிவரும் இறால் குஞ்சு முதல் இரண்டு நாட்களுக்குத் தன் வயிற்றிலுள்ள கருவுணவில் வாழும். அது தீர்ந்து 'சோயா' என்னும் பருவத்துக்கு வந்ததும் வாய் திறக்கும். அந்த நேரத்தில் நீரில் பாசி இருந்தே ஆக வேண்டும். ஜப்பானின் மோட்டோசாக்கு ஃபுஜினாகா இறால் குஞ்சுகளுக்கு டயட்டம் வகைப் பாசியைக் கொடுத்து வளர்த்துக்காட்டி, 1942இல் அதை விரிவாக எழுதினார். இன்றைய பொரிப்பகங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இலங்கையில் எங்கள் புத்தளம், சிலாபம் கரையில் 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளங்கள் வெறுமையான பிறகு, சுத்தமான குஞ்சு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. சுத்தமான குஞ்சுக்கு அடியில் சுத்தமான பாசி இருக்கிறது.

பெரிய தொட்டிகளில் பாசியை வெயிலில்தான் பெருக்குகிறோம். ஆனால் அதற்கு விதையாகும் தாய்ச்சரக்கை வெயிலில் வைக்க முடியாது. வேறு பாசி, பூஞ்சை, ஓரணு உயிர் எது கலந்தாலும் அது கெட்டுவிடும். அதனால் சோதனைக் குழாயில் தொடங்கி, பிளாஸ்க், பிறகு பெரிய போத்தல் என்று படிப்படியாக உள்ளறையில் வளர்த்த பிறகே வெளியே இறக்குவோம். பிளாஸ்க்குக்கு ஆயிரம் லக்ஸ் அளவு வெளிச்சம் போதும். பெரிய பாத்திரங்களுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை வேண்டும். நாளுக்குக் குறைந்தது பதினாறு மணிநேரம் அது குறையாமல் விழ வேண்டும். உரக் கரைசல், சிலிக்கேட், உப்பின் அளவு எல்லாவற்றையும் கையால் அளந்து போடலாம். வெளிச்சத்தை மட்டும் டியூபும் சோக்கும் சேர்ந்துதான் அளக்கின்றன. அந்த ஜோடி பொருந்தாத அறையில் உரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பாசி வெளுத்துத்தான் நிற்கும்.

டியூபுக்குள் இருப்பது கம்பியல்ல, வாயுவும் பாதரச ஆவியும். மின்னோட்டம் ஒருமுறை பாயத் தொடங்கிவிட்டால் தடை குறைந்துகொண்டே போகும். களப்பின் முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்ததுபோலத்தான்: நீர் ஓட ஓட வழி அகலும், வழி அகல அகல இன்னும் ஓடும். கட்டுப்படுத்த ஒன்றும் இல்லாவிட்டால் டியூப் கணத்தில் எரிந்துபோகும். அந்தக் கட்டுப்பாடுதான் சோக். ஸ்டாட்டர் விடுபடும் கணத்தில் பற்றவைக்கும் உதையைக் கொடுப்பதும், பற்றிய பிறகு மின்னோட்டத்தை ஓர் அளவில் நிறுத்திவைப்பதும் அதே சோக்தான். எந்த அளவில் என்பது அதன் முதுகில் எழுதியிருக்கும். கடைக்குப் போகிறவர்கள் வாட்டையும் நீளத்தையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆம்பியரை.

நான்கடி 36 வாட் டியூபை எடுத்துக்கொள்வோம். அது 0.43 ஆம்பியரில் ஓடும். பழைய தடித்த 40 வாட் டியூபும் அதே 0.43தான். எங்களைப் போன்ற 230 வோல்ட் நாடுகளில் பழைய சோக்கை மாற்றாமலே மெல்லிய டியூபைப் போட முடிந்ததற்குக் காரணம் இதுதான். இரண்டடி 18 வாட் டியூப் இரண்டைத் தொடராக இணைத்து ஒரே 36 வாட் சோக்கில் எரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு டியூபுக்கும் தனி ஸ்டாட்டர் வேண்டும், அதுவும் எஸ்2 வகையாக இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் கிடைக்கும் எஸ்10 அங்கே சரிவராது.

பென்சில் போல மெலிந்த டி5 வகைக்கு வரும்போதுதான் மிகவும் கவனம் வேண்டும். அதில் 28 வாட்டும் உண்டு, 54 வாட்டும் உண்டு. இரண்டும் 1149 மில்லிமீட்டர் நீளம், இரண்டுக்கும் ஒரே ஹோல்டர். கையில் வைத்து எடை பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 28 வாட் ஓடுவது 0.17 ஆம்பியரில், 54 வாட் ஓடுவது 0.46 அளவில். 28க்கான பாலாஸ்ட்டில், அதாவது சோக்கின் வேலையைச் செய்யும் பெட்டியில், 54ஐச் செருகினால் அது எரியும், ஆனால் மங்கலாக. முனையிலுள்ள இழைக்குப் போதிய சூடு கிடைக்காமல் சீக்கிரமே இரு நுனியும் கறுத்துவிடும். மாற்றிச் செருகினால் முனைகள் வெந்துபோகும். இரண்டு விதத்திலும் டியூப் கொஞ்ச நாளைக்கு ஒளிதரும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. எரிகிறது என்பதால் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

என் தங்கை மகன் டொரொண்டோவில் பனிக்காலத்தில் கறிவேப்பிலைக் கன்றை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறான். யாரோ விற்ற 400 வாட் தோட்ட விளக்கு ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, "மாமா, ரெண்டும் நானூறு வாட்தானே, சோடியம் பல்புக்குப் பதிலா மெட்டல் ஹாலைடைப் போடலாமா?" என்று கேட்டான். பாலாஸ்ட்டில் என்ன எழுத்து இருக்கிறதென்று பார்க்கச் சொன்னேன். எஸ்51 என்றிருந்தது. அமெரிக்க முறையில் எஸ் என்றால் சோடியம்; 400 வாட் மெட்டல் ஹாலைடின் வழக்கமான குறி எம்59. சோடியம் விளக்கு ஏறத்தாழ 100 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் ஓடும். மெட்டல் ஹாலைடு 135 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் அளவில் ஓடும். வாட் ஒன்று, ஓட்டம் வேறு. எஸ்51இல் எம்59 பல்பைப் போட்டால் அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தில் உள்குழாய் வெடிக்கக்கூடும். எம்59இல் சாதாரண சோடியம் பல்பைப் போட்டாலோ எரியவே எரியாது, அதைப் பற்றவைக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பைத் தரும் இக்னைட்டர் அதில் இல்லை. சோடியம் பாலாஸ்ட்டுக்கென்றே செய்த மெட்டல் ஹாலைடு பல்புகளும் உண்டு. உறையில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் வாங்கச் சொன்னேன்.

ஊருக்கு வரும்போது அந்த மாதிரிப் பாலாஸ்ட் ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. கம்பிச் சுருளின் தடுப்பாற்றல் அதிர்வெண்ணோடு ஏறி இறங்குவது. வோல்ட்டைச் சரிசெய்ய டிரான்ஸ்போமர் வைத்தாலும் 60க்குச் சுற்றிய சுருள் இங்கே ஓட்டத்தைக் கூடுதலாக விட்டுவிடும், சூடேறி மின்காப்பு கருகும்.

பாசி அறைக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஒரு சாதாரண சோக் டியூபின் 36 வாட்டோடு இன்னும் 9 வாட் அளவை வெறும் சூடாக்கும். இருபது டியூப் என்றால் அந்தச் சூட்டைத் தள்ளுவதற்கே ஏசி மல்லுக்கட்ட வேண்டும். அதனால் சோக்குகளை அறைக்கு வெளியே, சுவரின் மறுபக்கத்தில் ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி வைக்கிறோம். நீளமான வயர் சோக்குக்குப் பிரச்சினை இல்லை. எலக்ட்ரோனிக் பாலாஸ்ட்டை அப்படி வைக்க முடியாது. அது பல்லாயிரம் ஹேர்ட்ஸில் ஓட்டுவதால் வயர் நீளநீள ஒளி குறையும், சில டியூப் பற்றாது. ஆனால் அதில் டியூப் பத்து வீதம் வரை கூடுதல் ஒளிதரும், துடிப்பும் இருக்காது. இரண்டில் எது என்றால், உப்புக்காற்று வீசும் எங்கள் கரைக்கு நான் சோக்கின் பக்கம்தான். எலக்ட்ரோனிக் பலகை உப்பீரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். சோக் துருப்பிடித்தால் இரைந்து காட்டும். அந்த இரைச்சலைக் கேட்டு நேரத்தோடு மாற்றிவிடலாம்.

ஏசிக் காற்று டியூபின் மேல் நேராக விழக்கூடாது. 36 வாட் டியூப் முழு ஒளியைத் தருவது சுற்றியுள்ள காற்று 25 பாகையில் இருக்கும்போது. டி5க்கு 35 பாகை. குளிர்காற்று பட்ட டியூபின் ஒளி குறைந்து, அதற்கு நேர்கீழே நிற்கும் பிளாஸ்க்குகள் மட்டும் பின்தங்குவதைக் கண்ணாலே பார்க்கலாம்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. பக்கத்தில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. இருந்தும் எங்கள் அறைகளும் இருட்டில்தான் கிடந்தன. சில மணிநேர இருட்டில் பாசி செத்துவிடாது. ஆனால் வளர்ச்சி நிற்கும், அடுத்த பாத்திரத்துக்கு மாற்றும் நாள் தள்ளிப்போகும். சோயாவுக்குப் பசிக்கும் நாள் தள்ளிப்போகாது. டீசல் கிடைத்தபோது ஜெனரேட்டரை ஓட்டினோம். சுமை ஏறும்போது வோல்ட் இறங்கும், ஸ்டாட்டர் மின்னி மின்னித் தவிக்கும், ஒவ்வொரு மின்னலிலும் டியூப் முனையின் பூச்சு கொஞ்சம் உதிரும். எல்லா டியூபையும் ஒரேயடியாகப் போடாமல் வரிசை வரிசையாகப் போடுவதை அந்த நாட்களில்தான் வழக்கமாக்கினோம், இன்றும் அப்படியே செய்கிறோம்.

இனி டியூபுக்கே நாள் எண்ணப்பட்டுவிட்டது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, இந்த டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்தன. நாங்களும் ஒரு தட்டை எல்ஈடிக்கு மாற்றிப் பார்க்கிறோம். கடையில் ஊதா வெளிச்சம் காட்டி விற்கும் விளக்கு எங்களுக்கு வேண்டாம். டயட்டமான எங்கள் பாசியின் பழுப்பு நிறமி நீலத்தோடு பச்சையின் ஒரு பகுதியையும் உறிஞ்சும், 6500 கெல்வின் வெள்ளையே அதற்குப் பொருத்தம். ஊதா விளக்கின் கீழ் லக்ஸ் மீட்டரையும் நம்ப முடியாது, அது மனிதக் கண்ணுக்காகச் செய்த கருவி. பழைய தட்டும் புதிய தட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒரே தாய்ச்சரக்கிலிருந்து ஊற்றி, நுண்ணோக்கியில் செல்களை எண்ணி ஒப்பிடுவதுதான் வழி.

எங்கள் அறைகளுக்கு வயரிங் செய்யும் பாஸ் எல்ஈடிக்குப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை என்கிறார். தேவை இருக்கிறது. சோக் உள்ள பழைய சட்டத்தில் எல்ஈடி டியூபைப் போடும்போது அதனோடு வரும் ஸ்டாட்டரைத்தான் போட வேண்டும். எலக்ட்ரோனிக் பாலாஸ்ட் உள்ள சட்டமென்றால், அந்த பாலாஸ்ட்டோடு ஓடும் என்று டியூபில் எழுதியிருந்தாலொழிய பாலாஸ்ட்டைக் கழற்றிவிட வேண்டும். தனி டிரைவரில் ஓடும் எல்ஈடிப் பட்டிகளுக்கும் கணக்கு உண்டு. டிரைவரில் 300 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால் பட்டியும் 300க்குச் செய்ததாக இருக்க வேண்டும். பட்டி கேட்கும் வோல்ட்டும் டிரைவர் தரும் வோல்ட்டின் எல்லைக்குள் விழ வேண்டும்.