அப்பா போட்ட தளமும் ஃபோர்டு வண்டியும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் நம்ம வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் அப்துல் கலாம், ஒருவன் அன்னையின் அன்பு, இன்னொருவன் நட்பைப் பற்றி நாலு பக்கம். எனக்குக் கவிதை வராது. அரியர் மட்டும்தான் வரும்! அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் வரும்போது நாம் தினமும் கடந்து வருகிற ஒரு பெரிய கேட்டைப் பற்றி. அதாவது மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையைப் பற்றி.

எங்கள் வீட்டில் அதற்கு 'நம்ம கம்பெனி' என்று பெயர். இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அங்கே சம்பளம் வாங்கியது கிடையாது. காரணம் அப்பா. 1997ல், 21 வயதில், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு இங்கே வந்தவர் அவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்போது இங்கே எழும்பிக்கொண்டிருந்த அந்தத் தொழிற்சாலையில் ஜல்லியும் சிமென்டும் சுமந்தார். பிறகு கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு தளம் போட்டார்.

"மெஷின் உக்கார்ற தளம்டா அது! ஒரு நூல் ஏத்த எறக்கம் இருந்தாலும் ஒடச்சுட்டு மறுபடி போடச் சொல்லிடுவாங்க. ரசமட்டம் வச்சுப் பாத்துப் பாத்துப் போட்டோம்" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். தளம் காய்ந்தது, வேலை முடிந்தது, அப்பா கேட்டுக்கு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர் உள்ளே போனதில்லை. ஆனால் பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் தோளைத் தட்டிக் காட்டுவார்.

"நான் தளம் போட்டேன். நீ அது மேல நின்னு வேலை பாக்கணும்."

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த கதை இவ்வளவுதான் நண்பர்களே. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா என்று யோசிக்கக்கூட இல்லை. அப்பா எப்போதோ முடிவு செய்துவிட்டார்!

* * *

ஃபோர்டு என்றால் சும்மாவா? மோட்டார் உலகுக்கே வழிகாட்டி என்றால் மிகையாகாது. ஹென்றி ஃபோர்டு 1901ல் தானே ஒரு பந்தயக் காரை ஓட்டி, அன்றைய பெரிய ஆளான வின்டன் என்பவரைத் தோற்கடித்தார். அந்த வெற்றியில் கிடைத்த பெயரும் சேர்ந்துதான் 1903ல் கம்பெனி தொடங்க உதவியது. 1908ல் மாடல்-டி வந்தது. 1913ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் லைனை அமைத்தார். ஒரு சேஸிஸைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது! 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல்-டி வண்டிகள் வெளிவந்தன.

பிறகு வேகத்தின் காலம். 1932ல் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி-8 இன்ஜின். 1964ல், பாயும் குதிரைச் சின்னத்தோடு மஸ்டாங். 1966ல் பிரான்ஸ் நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரியை வீழ்த்தி, ஜி.டி.40 வண்டிகள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. இதை வைத்து 2019ல் ஒரு படமே வந்தது. ஹாஸ்டலில் ஒரே செல்போனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பார்த்ததை என் அறை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்!

நம்ம ஊருக்கும் ஃபோர்டு புதிதல்ல. 1926லேயே இந்தியாவுக்கு வந்து, பாகங்களை இறக்குமதி செய்து மதராஸிலும் வண்டி பூட்டியது. 1950களில் 'இங்கேயே தயாரிப்பதென்றால் இரு' என்று அரசு கொள்கை வகுத்தபோது மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மறுபடி வந்தது 1995ல், மகிந்திராவோடு கூட்டு சேர்ந்து. 1999ல் மறைமலை நகரிலிருந்து ஐகான் என்ற கார் வெளியே வந்தது. விளம்பரத்தில் அதற்கு 'ஜோஷ் மெஷின்' என்று பெயர்.

அந்த ஜோஷ் என்னவென்று எனக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் நான் கூடுவாஞ்சேரியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வேலை கற்றுக்கொள்கிறேன். பட்டறை ஓரத்தில் ஒரு பழைய ஐகான் நிற்கிறது, 1.6 பெட்ரோல். முன்னால் இருந்த ஃபோர்டு சின்னம் என்றைக்கோ கழன்று விழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அண்ணன் அதை சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து ஒரகடம் ரோட்டில் ஓட்டினார், பக்கத்தில் நான். மூன்றாவது கியரில் மிதித்தார் பாருங்கள்... முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது! அந்தக் காலத்தில் ரோடு முழுக்க ஓடிய மாருதி 800க்கு 40 குதிரைத்திறன்கூட இல்லை. இதற்கு 90க்கு மேல்.

திரும்பி வந்ததும் அண்ணன் வால்வ் கவரைக் கழற்றிக் காட்டினார். ஐ.சி. இன்ஜின் பாடத்தில் கேம், ஃபாலோயர் என்று படிக்கிறோமே, இதில் கேம் நேராக உரசாமல் ஒரு சின்ன உருளை மேல் உருண்டு போகிறது. உராய்வு குறைகிறது, குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கிறது. 'ராகாம்' என்ற பெயரே உருளை, கேம் இரண்டையும் சேர்த்து வைத்ததுதான். ஒரு செமஸ்டர் புரியாதது ஐந்து நிமிடத்தில் புரிந்தது!

* * *

இவ்வளவு நல்ல வண்டியைச் செய்த கம்பெனி ஏன் தாழ்ந்தது?

முதல் சில ஆண்டுகள் இல்லை, இருபது ஆண்டுகள் முயன்று பார்த்தார்கள். 2010ல் வந்த ஃபிகோ நன்றாக ஓடியது. 2013ல் வந்த எக்கோஸ்போர்ட் நாலு மீட்டருக்குள் அடங்கிய குட்டி எஸ்.யூ.வி.; வாங்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதை இங்கிருந்து அமெரிக்காவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். ஹென்றி ஃபோர்டு ஊரில் நம்ம மறைமலை நகர் வண்டி! அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தானே ஏற்றுமதி செய்தது போலப் பூரித்துப் போனார்.

ஆனால் நம்ம மக்கள் கார் வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வி "மூணாவது கியர்ல எப்படி இழுக்குது?" என்பது அல்ல. "மைலேஜ் எவ்ளோ? சர்வீஸ் செலவு எவ்ளோ? வித்தா என்ன விலைக்குப் போகும்?" இவைதான். இந்த மூன்றுக்கும் மாருதியும், இதே வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் சாண்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாயும் சட்டென்று பதில் சொன்னார்கள். வரிசையாகப் புது மாடல்களும் இறக்கினார்கள். ஃபோர்டுக்கோ புது மாடல் வருவதற்கு வருடங்கள் ஆயின. 'ஓட்ட அருமை, வச்சுக்கச் செலவு' என்று ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் விலைகளைக் குறைத்தும் அந்தப் பெயர் போகவில்லை.

அதோடு 2015ல் குஜராத்தின் சனந்தில் இரண்டாவது ஆலையைத் திறந்தார்கள். இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாரிக்கலாம். 2021ல் அதில் கால்வாசிகூட ஓடவில்லை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் பத்து லேத் போட்டு இரண்டு பேர் மட்டும் வேலை செய்தால் எப்படி? அந்தக் கணக்குதான். மகிந்திராவோடு மறுபடி கூட்டு சேர 2019ல் போட்ட ஒப்பந்தமும் 2020 டிசம்பர் 31 அன்று முறிந்தது. அமெரிக்காவிலேயே மஸ்டாங்கைத் தவிர மற்ற சாதாரண கார்களைக் கைவிடுவதாக 2018ல் அறிவித்தவர்கள்; எக்கோஸ்போர்ட் பிறந்த பிரேசிலிலேயே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 ஜனவரியில் சொன்னவர்கள். நம்ம ஊர் மட்டும் எப்படித் தப்பும்?

2021 செப்டம்பர் 9. கொரோனா விடுமுறை முடிந்து ஒன்பதாம் வகுப்புக்கு நான் போகத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் டி.வி.யில் செய்தி: பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் உற்பத்தியை ஃபோர்டு நிறுத்துகிறது, சுமார் 4,000 தொழிலாளர்கள் பாதிக்கப்படுவார்கள். அப்பா சோற்றுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். சேனலை மாற்றினார். அதிலும் அதே செய்தி. அணைத்துவிட்டார். அன்று யாரும் எதுவும் பேசவில்லை.

2022 மே மாதக் கடைசியில் தொழிலாளர்கள் நல்ல இழப்பீடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அதோடு லைன் நின்றது. இந்த வட்டாரத்துக்கு இது முதல் அடியும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014ல் மூடியதைப் பற்றி இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள்.

அடுத்த ஆண்டு நான் பத்தாவது முடித்தேன். கம்பெனியே இல்லை, எதற்கு மெக்கானிக்கல் என்று அம்மா கேட்டார். அப்பா "சேத்து விடு" என்று மட்டும் சொன்னார்.

* * *

கதை அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையை மறுபடி பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31 அன்று ஒப்பந்தம் ஆனது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின்கள், 2029ல் உற்பத்தி தொடக்கம். கார் இல்லை, இன்ஜின் மட்டும்.

மறுநாள் அப்பா பேப்பர் வாங்கிவந்தார். அவர் பேப்பர் வாங்கி நான் பார்த்ததே இல்லை! என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. நம்ம கல்லூரி கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரகடத்தில் ஒரு பாகம் செய்யும் கம்பெனியில் அப்ரண்டிஸாக எனக்கு இடம் கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றார்.

"மூணு வருஷம் பொறுத்துக்கடா. அதுவரைக்கும் நான் சம்பாதிக்கிறேன். நீ நம்ம கம்பெனியிலதான் நிக்கணும்."

முதன்முறையாக அப்பாவை எதிர்த்துப் பேசினேன். "அவங்க நம்மள கூப்பிடுவாங்கன்னு என்னப்பா நிச்சயம்? 1999ல வந்தப்பகூட எப்பவும் இருப்பாங்கன்னுதான எல்லாரும் நெனச்சாங்க?" அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. இருபத்தைந்து வருடமாக அவர் வைத்திருந்த ஒரே ஆசையை ஒரே கேள்வியில் உடைத்துவிட்டேனே!

பட்டறையில் போய் அழாத குறையாகச் சொன்னேன். அண்ணன் அந்த ஐகானைக் காட்டினார். "பேட்ஜு விழுந்து நாலு வருஷம் ஆச்சு. வண்டி ஓடலையா? இன்ஜின் ஓடுறது பேட்ஜால இல்லடா தம்பி. எனக்கு ஃபோர்டு வேலை தெரியும், மாருதி வேலை தெரியும், ஹூண்டாய் வேலை தெரியும். எது மூடினாலும் என் ஸ்பேனர் மூடலையே!" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பாவும் அப்படித்தானே? ஃபோர்டுக்குத் தளம் போட்ட கை அத்தோடு நின்றுவிடவில்லை. அதற்குப் பிறகு ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எத்தனையோ தொழிற்சாலைகளுக்குத் தளம் போட்டது. எனக்கு ஃபீஸ் கட்டியது. அவரைக் காப்பாற்றியது அந்தக் கம்பெனியின் பெயர் அல்ல, ரசமட்டத்தில் குமிழியை நடுவில் நிறுத்தத் தெரிந்த கைதான். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். "2029ல அவங்க ஆள் எடுத்தாலும் மூணு வருஷம் மெஷின்ல நின்னவனத்தான்பா கேப்பாங்க, வீட்ல உக்காந்திருந்தவன இல்ல" என்றும் சொன்னேன். "சரி, போய்ட்டு வா" என்றார்.

போன வாரம் சான்றிதழ்களைக் கொடுக்க ஒரகடம் போய்வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சம்பளம் எவ்வளவு, பஸ் உண்டா, கேன்டீன் உண்டா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"தளம் எப்படிடா இருக்கு?"

"மேல எபாக்சி போட்டிருக்காங்கப்பா, கண்ணாடி மாதிரி."

"அது பெயின்டுடா. அடியில கான்கிரீட்டு ஒழுங்கா இருந்தாத்தான் மேல அப்படி நிக்கும்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

நண்பர்களே! நாம் படித்து முடித்து வெளியே போகும்போது எந்தக் கம்பெனி இருக்கும், எது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. லெ மான் ஜெயித்தவர்களுக்கே அந்த நிலைமை என்றால் நாம் எந்த மூலைக்கு? பெயர் வரும், போகும், திரும்பியும் வரலாம். வந்தால் சந்தோஷம். அதுவரை மைக்ரோமீட்டரைச் சரியாகப் பிடிப்போம். அரியரைச் சீக்கிரம் முடிப்போம். இதில் எனக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்!



– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை