நாலு மைல் வேகத்தில் ஒரு நாள்

இங்கிலாந்தில் பிரயாணம் என்றால் ரயிலும் மோட்டாருந்தான் என்று எண்ணியிருந்தேன். காலை முதல் அந்தி வரையில் ஓயாமல் பிரயாணம் செய்தும் பத்து மைல்கூடக் கடக்காத ஒரு நாள் அந்த எண்ணத்தைப் போக்கிற்று. நண்பர் ஒருவர் வாடகைக்கு அமர்த்திய கால்வாய்ப் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார். மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தக் கால்வாய்களின் விதி. நாங்கள் அந்த விதியை மீறவில்லை, மீறவும் முடியாது. கரைப் பாதையில் நடந்து வந்த ஒரு கிழவரும் அவருடைய நாயும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள் என்றால் நேயர்கள் வேகத்தை ஊகித்துக் கொள்ளலாம்.

லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில், காஸ்குரோவ் என்னும் கிராமத்தருகே புறப்பட்டோம். அங்கே ஔஸ் நதிக்கு மேலே, 1811-ல் அமைத்த இரும்புத் தொட்டி ஒன்றின் வழியாகக் கால்வாய் செல்கிறது. கீழே நதி, மேலே ஜலம் நிறைந்த தொட்டி, அதிலே எங்கள் படகு! எட்டிப் பார்த்தபோது தலை சற்றுக் கிறுகிறுத்தது. அதன்பின் பல மைல் தூரம் சமநிலம். புல்வெளிகள், மேயும் ஆடுகள், வளைந்த செங்கற் பாலங்கள், இருபுறமும் நாணல். என்ஜினின் 'டுக், டுக்' சத்தத்தைத் தவிர வேறு அரவமில்லை.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகலம் ஏழு அடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ சில படகுகளில் எழுபது அடிக்கும் மேல். பல கால்வாய்களில் மடைகள் அவ்வளவு குறுகலாகக் கட்டப்பட்டமையால் படகும் ஒடுங்கிப்போயிற்று. எங்கள் படகின் பின்கோடியில் பழைய காலத்துப் படகுக்காரரின் அறை ஒன்றை அப்படியே வைத்திருந்தார்கள். சுமார் பத்தடி நீளம். அதில் ஒரு கரியடுப்பு. அலமாரிக் கதவைக் கீழே சாய்த்தால் மேஜை. இன்னொரு கதவைச் சாய்த்தால் கட்டில். சுவரெங்கும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளுமாகச் சித்திரம் தீட்டியிருந்தது. "எவ்வளவு அழகு!" என்றேன். "இதற்குள்ளே தாய், தகப்பன், குழந்தைகள் எல்லோரும் குடித்தனம் நடத்தினார்கள்" என்றார் நண்பர். அதற்குமேல் அழகைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.

இந்தக் கால்வாய்களின் கதை 1761-ல் தொடங்குகிறது என்று சொல்லலாம். அவ்வாண்டு பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டித் திறந்தார். பிரிண்ட்லி என்ற நிபுணர் வேலையை நடத்தினார். நகரத்தில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது. பின்னர் அந்த மலிவான கரியால் ஓடிய ஆலைகளின் துணிதான் கப்பலேறி வந்து நம் நாட்டுத் தறிகளை முடக்கியது. ஆகையால் கால்வாய் ஜலத்தை நாம் முற்றும் அன்னியமாக நினைப்பதற்கில்லை.

பிறகு ரயில் வந்தது. கால்வாய்ச் சரக்குக் கூலி விழுந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்கவும், படகில் கூலியாள் வைக்கவும் சக்தியற்ற படகுக்காரர்கள் மனைவி மக்களையே படகில் ஏற்றினார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாமல் கிளர்ச்சி செய்தபின் 1877-ல் இப்படகு வீடுகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. ஆயினும் எழுத்தறியாமலே வளர்ந்தவர்கள் பலர்.

பிற்பகலில் ஸ்டோக் புரூயர்ன் வந்தது. இங்கே ஏழு 'லாக்'குகள். அதாவது ஜலத்தாலான ஏழு படிகள். படகு உள்ளே புகுந்ததும் பின்கதவை மூடி, இரும்புப் பிடியால் மேல் மடையைத் திருகித் திறக்கிறார்கள். ஜலம் குபுகுபுவென்று பாய, தொட்டிலோடு குழந்தையைத் தூக்குவதுபோல் படகு மெள்ள எழும்புகிறது. ஏழாவது படி ஏறுமுன் எனக்குத் தோள் கழன்றுவிடும் போலாகிவிட்டது. கைக்குழந்தையை அறையில் விட்டுவிட்டு இந்தக் கதவுகளைத் தள்ளிய ஸ்திரீகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய நோய்க்கு மருந்திட்ட மேரி வார்ட் என்ற புண்ணியவதி இந்தக் கரையிலேதான் வசித்தார். 1951-ல் அரசாங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது.

அப்பால் பிளிஸ்வர்த் சுரங்கம். 1805-ல் திறந்தது, நீளம் 3,076 கெஜம். உள்ளே கரைப் பாதை கிடையாது. குதிரையை மலைமேல் ஓட்டிச் சென்றுவிட்டு, பலகையில் மல்லாந்து படுத்த ஆட்கள் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்களாம். இருளில் காற்றுக் குழாய்களிலிருந்து சொட்டிய ஜலம் எங்கள் தலையை நனைத்தது. வெளிச்சம் தெரிந்தபோது எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

அந்தியில் படகைக் கட்டித் தேநீர் அருந்தினோம். "சாவதானமாகச் செல்வதில் என்ன சுகம்!" என்றார் உடன் வந்தவர் ஒருவர். நண்பர் சிரித்தார். "சாவதானம் இந்த ஜலத்துக்குப் புதிது. படகுக்காரனுக்கு நாள் சம்பளமில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின்னும் ஓட்டுவான்" என்றார்.

1962-63-ம் ஆண்டுக் குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்தன; பெரும்பாலான சரக்குப் படகுகள் அத்துடன் நின்றுபோயின. தூர்ந்துபோன பல கால்வாய்களை மீட்டவர்கள், 1946-ல் சங்கம் அமைத்துப் போராடத் தொடங்கிய சாதாரணப் பிரஜைகளும், சேற்றில் இறங்கி மண்வெட்டிய தொண்டர்களுமே. அந்த நற்பணியால்தான் எங்களுக்கு இந்த இன்பப் பொழுது கிட்டிற்று.

அன்றிரவு அந்தச் சிறிய அறையில் படுத்தேன். ரோஜாச் சித்திரங்கள் விளக்கொளியில் மின்னின. எழுத்தறியாத கைகள் வறுமைக்கு நடுவே இந்த வழக்கத்தைப் பேணி வந்தன. உல்லாசப் பிரயாணிக்காக அல்ல. தங்கள் வீடு வீடாக இருக்கவேண்டும் என்பதற்காக.