முடிவு வரும் வரை கோதுமை சாப்பிடு



போன மாதம் நான் பதினோரு நாள் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்த நாள் முதல் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "என்னாச்சுடி உனக்கு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பாதியைக் கேட்டவர்கள் மீதியை அவர்களாகவே சேர்த்துக்கொண்டு, இப்போது எனக்குக் கேன்சர் என்று எட்டாம் வகுப்பு வரை பேச்சு போயிருக்கிறது. தமிழ் ஐயாவிடம் போய் அழுதேன். "எழுதி சுவர்ல ஒட்டிடும்மா. எல்லாரும் ஒரே தடவையா படிச்சுக்கட்டும்" என்றார். அதனால்தான் இந்தத் தாள்.

எனக்குக் கேன்சர் இல்லை. டி.பி.யும் இல்லை. ஒட்டுகிற நோயும் இல்லை, பக்கத்தில் தாராளமாக உட்காரலாம். டாக்டர்கள் சந்தேகப்படுவது சீலியாக் என்ற நோய். கோதுமை சாப்பிட்டால் குடல் கெட்டுப்போகும் நோய். அது எனக்கு இருக்கிறதா இல்லையா என்று உறுதியாக இன்னும் தெரியாது. வருகிற வியாழக்கிழமை தெரியும்.

ஒன்பதாம் வகுப்பிலேயே இது ஆரம்பித்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் நடை. மேட்டில் ஏறும்போது என்னால் முடியாது. மற்ற பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார்கள். வயிறு உப்பிக்கொள்ளும். அடிக்கடி வயிற்றால் போகும். வகுப்பு நடக்கும்போது எழுந்து போக வெட்கப்பட்டு நான் காலையில் சாப்பிடாமலே வந்த நாட்கள் உண்டு. பிரேயரில் உயரப்படி நிற்கச் சொன்னால் ஆறாம் வகுப்பிலும் நான்தான் முதல் ஆள், பதினொன்றிலும் நான்தான் முதல் ஆள்.

பள்ளியில் வாரா வாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நான் ஒரு வாரம்கூடத் தூக்கி எறிந்ததில்லை. (எறிந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை.) அப்படியும் ரத்தம் ஏறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். டானிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் "பொம்பளப் புள்ளைங்கன்னா இப்படித்தான் இருக்கும், கீரை குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆயா தன் பங்குக்கு வேப்பிலை அடித்தாள். கடைசியாக ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.8. அதற்குப் பிறகுதான் போளூர் போய், அங்கிருந்து பஸ் மாறி, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா வித்தியாசமாக ஒரு கேள்வி கேட்டார். "தினமும் என்னென்ன சாப்பிடுறே? ஒண்ணு விடாம சொல்லு." நான் சோறு, குழம்பு என்று ஆரம்பித்தேன். "நடுவுல?" என்றார். யோசித்து யோசித்துச் சொன்னேன். காலையில் டீயும் பிஸ்கட்டும். இன்டர்வெல்லில் பன். சாயந்திரம் கடையில் பப்ஸ் இருந்தால் பப்ஸ். வாரத்தில் ரெண்டு நாள் வீட்டில் ரவை உப்புமா அல்லது சேமியா. ஞாயிறு ராத்திரி பரோட்டா. திங்கள் காலை மிச்சப் பரோட்டா.

பரோட்டா என்றதும் அப்பா தலை குனிந்துகொண்டார். என் அப்பா போளூரில் பரோட்டா மாஸ்டர். அது உங்களில் பலருக்குத் தெரியும். திங்கட்கிழமைதான் அவருக்கு லீவு. ஞாயிறு ராத்திரி கடைசி பஸ்ஸில் வரும்போது வாழை இலையில் கட்டிய பார்சல் கையில் இருக்கும். நானும் தம்பியும் தூங்காமல் காத்திருப்போம். நான் நாலு வயதிலிருந்து காத்திருக்கிறேன்.

ரத்தத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அதன் பெயர் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ். பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆனது. அது பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல மாட்டேன், குடலையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வாய் வழியாக டியூப் விட்டு எண்டோஸ்கோப்பி. வலிக்கவில்லை, குமட்டல்தான். முன்சிறுகுடலில் அஞ்சாறு இடத்தில் அரிசி நுனி அளவுக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். அந்த ரிசல்ட்டுக்குத்தான் காத்திருக்கிறேன்.

இது எப்படிப்பட்ட நோய் என்று எங்கள் உயிரியல் மிஸ் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தோம். ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் ஊற வைத்து, குழாயடியில் பிசைந்து பிசைந்து கழுவச் சொன்னார்கள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அது மாவுச்சத்து. கடைசியில் கையில் சூயிங்கம் மாதிரி ஒன்று மிஞ்சியது. இழுத்தால் வந்தது, விட்டால் சுருங்கியது. அதுதான் குளூட்டன் என்ற புரதம். அடுத்து கேவுரு மாவை அதே மாதிரி பிசைந்து கழுவினோம். ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் கரைந்து போனது.

கோதுமையிலும் பார்லியிலும், நம் பக்கம் இல்லாத ரை என்ற தானியத்திலும் இந்தப் புரதம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. சிலருக்கு மட்டும், அதற்கான மரபணு இருப்பவர்களில் சிலருக்கு, உடம்பின் பாதுகாப்புப் படையே தன் குடலை எதிரி என்று நினைத்து அடிக்கிறது. நாம் பத்தாம் வகுப்புக்குள் படம் வரைந்து பாகம் குறித்த குடலுறிஞ்சிகள் இருக்கின்றன அல்லவா, அவை தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் உள்ளே போவதில்லை. கீரை தின்றாலும் அப்படித்தான். இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை அடியோடு விட்டால் குடலுறிஞ்சிகள் மறுபடி வளரும். மறுபடி தொட்டால் மறுபடி தேயும். ஆகவே ஆயுசுக்கும் விட வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். இப்படி வயிறு உப்பி மெலிந்த பிள்ளைகளைப் பார்த்து, போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்ததாம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவைத் தடுத்து நிறுத்தியதால் அந்த நாட்டில் பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோய் இருந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி வந்தது, ஊர் தேறியது, அந்தப் பிள்ளைகள் மறுபடி படுத்துவிட்டார்கள். 1950-இல் இதையெல்லாம் ஆராய்ச்சியாக எழுதினார். இந்தக் கதையை மிஸ் சொன்னபோது எனக்கு அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஞாபகம்தான் வந்தது. ரொட்டி வந்துவிட்டது என்று ஆசையாகத்தானே ஊட்டியிருப்பார்கள்?

நம் பக்கத்தில் இது மிகக் குறைவு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நாடு முழுவதும் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இருந்தது. தெற்கே ஆயிரம் பேரில் ஒருவர்தான். மரபணு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கிறதாம். ஆனால் அங்கே ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 450 கிராமுக்கு மேல் கோதுமை சாப்பிடுகிறார், இங்கே 25 கிராம். "நம்ம மலையில உங்க ஆயா காலத்துல இந்த நோய் யாருக்காவது வந்திருக்க வழியே இல்ல, கோதுமையே கிடையாதே" என்றார் மிஸ். உண்மைதான். எங்கள் ஆயா கல்யாணம் ஆகி வந்த பிறகுதான் ரவையைக் கண்ணால் பார்த்தாளாம்.

இப்போது நடக்கும் வேடிக்கையைக் கேளுங்கள். நோய் என்று சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்தச் சொல்வார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். டாக்டரம்மா சொன்னது நேர்மாறு. "முடிவு வர்ற வரைக்கும் பழையபடியே சாப்பிடு. நிறுத்திட்டா குடல் தேற ஆரம்பிச்சுடும். திரும்பப் பார்க்க வேண்டி வந்தா ஒண்ணும் தெரியாது." ஆகவே நான் தினமும் ரெண்டு சப்பாத்தியாவது சாப்பிடுகிறேன், மருந்து மாதிரி. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமுகிறது. அம்மா சப்பாத்தி போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று மறைக்காமல் சொல்கிறேன். எனக்குள் ஒரு மனசு "நல்லதாப் போச்சு, இன்னும் கொஞ்ச நாள் பரோட்டா தின்னலாம்" என்கிறது. ரிசல்ட் இல்லை என்று வர வேண்டும் என்று ஒரு நாள் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த நாள், இல்லை என்று வந்துவிட்டால் அப்புறம் எனக்கு என்னதான் நோய், மறுபடி முதலிலிருந்தா என்று பயமாக இருக்கிறது. ஆமாம் என்று வந்தால் பெயராவது தெரியும்.

வீட்டில் ஆமாம் என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரம்மா கொடுத்த தாளில் எதெது கூடாது என்று ஒரு பட்டியல். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பன் எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்குமாம். டப்பாவைத் திருப்பிப் படித்தோம், எழுதித்தான் இருந்தது. இத்தனை நாள் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. இன்னொரு கூத்து, என்னைப் பார்க்க வந்த அத்தை ஆசையாக ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார். அது கோதுமையும் பார்லியும் சேர்த்துச் செய்வது. தம்பிக்கு யோகம். அவன் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் தின்றுவிட்டு வந்து இதையும் குடிக்கிறான்.

பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவ்வளவு கொஞ்சம். ஆகவே கோதுமை அரைத்த மிஷினில் அரைத்த கேவுரு மாவும் எனக்கு ஆகாது. இதைக் கேட்டதும் ஆயா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், கொட்டகையில் விறகுக்கு அடியில் கிடந்த திருகைக் கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறாள். சாமையை உரலில் குத்தப் போகிறாளாம். எழுபது வயது. "ஒலக்கய எடுத்தா எனக்கு இடுப்பு வலியே போயிடும்" என்கிறாள். பொய்.

சாமைச் சோறும் கொள்ளுச் சாறும், கேவுரு களியும் கீரைக் கடைசலும் இனிமேல் என் சாப்பாடு. ஆறாம் வகுப்பில் நான் சாமைச் சோற்று டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். கீழ்நாட்டிலிருந்து வந்து படித்த ஒரு பெண் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள், அது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம்தான் நான் பன் வாங்க ஆரம்பித்தேன். அவள் மேல் இப்போது கோபம் இல்லை. பன் ருசியாகத்தான் இருந்தது.

எனக்குக் கஷ்டமாக இருப்பது சாப்பாடு இல்லை, அப்பா. வேலூரிலிருந்து வந்த பிறகு ரெண்டு ஞாயிறு அவர் வெறுங்கையோடு வந்தார். "பார்சல் எங்கப்பா?" என்று தம்பி கேட்டதற்கு "தீந்துபோச்சு" என்றார். அவர் கடையில் பரோட்டா தீராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி திண்ணையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இருவது வருசமா இந்தக் கையால மாவு வீசறேன். எம் புள்ளைக்கு நானே வெச்சுட்டேனே."

நான் எழுந்து போய் மிஸ் சொன்னதைச் சொன்னேன். அந்தச் சூயிங்கம் மாதிரிப் பொருள் இருப்பதால்தான் மாவு கிழியாமல் விரிகிறது, வீச முடிகிறது என்று. அப்பா உடனே நிமிர்ந்தார். "அதான! நல்லா அடிச்சுப் பிசைஞ்சு எண்ணெய்ல ஊற வெச்சாத்தான் துணி மாதிரி வரும். சரியா ஊறலன்னா பிஞ்சுடும்" என்றார். படிக்காமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அப்போ கேவுரு மாவை வீச முடியாதாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வீச முடியாது. தட்டலாம்."

போன ஞாயிறு ராத்திரி பார்சலோடு வந்தார். நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். டாக்டரம்மா சாப்பிடச் சொல்லியிருக்கிறார், கடைசியாக ஒரு தடவை உங்கள் பரோட்டாவே சாப்பிடுகிறேன் என்று. மூன்று சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க வயிற்று வலி. அப்பாவிடம் சொல்லவில்லை. இந்தத் தாளை அவர் படிக்க மாட்டார், ஆகவே இங்கே எழுதுகிறேன். மறுநாள் காலை அவரே அடுப்படிக்குப் போய் கேவுரு மாவில் வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்டு வாழை இலையில் தட்டினார். முதல் மூன்றும் உடைந்துபோனது. கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்த பிறகு நாலாவது நின்றது.

தோழிகளே, பிறந்த நாள் கேக்கை எனக்கு நீட்டிவிட்டு, நான் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மிட்டாய் என்றால் தாராளமாகக் கொடுங்கள், முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறோம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்துவிடுவேன். அப்போதும் இந்தத் தாள் சுவரில்தான் இருக்கும், மாதக் கடைசிவரை எடுக்க மாட்டார்கள். கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். ரிசல்ட்டை அதில் எழுதுகிறேன். அதுவரை வேறு யாரும் அங்கே பேனா வைக்க வேண்டாம்.

– பதினோராம் வகுப்பு மாணவி, ஜமுனாமரத்தூர்